கால் கழுவிய காற்று

பூமியில் காற்று வீச ஆரம்பித்து எத்தனை கோடி வருடம் ஆகிறது என்று எனக்குத் தெரியாது. அத்தனை கோடி வருடத்தில் அதை வாசலில் நிறுத்தி, "கால் கழுவினியா?" என்று கேட்ட முதல் ஆள் எங்கள் ஆவூர் சந்தனமேரிதான். இமயமலை தடுக்கும் காற்றுகூட அக்கம்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். சந்தனமேரி தடுத்த காற்று வீட்டுக்குத் திரும்பிப் போய்க் குளித்துவிட்டுத்தான் வரும். கஜா புயலில் ஊரிலுள்ள ஓடெல்லாம் பறந்தபோது அவருடைய காளான் கொட்டகையில் ஒரு கீற்றுகூட அசையவில்லை. அப்போது கொட்டகையே கட்டியிருக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். பொறாமை.

திருவிழா மலரில் 'நம்மூர் மனிதர்' என்று ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் பங்குச்சாமியார் பெலிக்ஸ். ரிட்டயர்டு வாத்தியார், சிங்கப்பூர்க்காரர், கோயில் கட்ட இடம் கொடுத்த குடும்பம் என்று பெரிய மனிதர்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்து வீடு மிஞ்சியது. பதினொன்றாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவருக்கொருவர் போதும் என்று சொல்லிப் பிரிந்தவர்கள். எனவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சந்தனமேரியை நான் சித்தி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். மகள் சுடர்விழி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். வீடு மாமனார் பேரில் இருக்கிறது, வயல் கணவர் பேரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காளான் கொட்டகை மட்டும்தான் சித்தியின் பேரில் இருப்பது. அதன் கதவில் 'சந்தனமேரி' என்று பச்சை பெயிண்டில் எழுதி, பச்சை ஆகாது என்று அடுத்த நாளே அழித்து நீலத்தில் எழுதினார்.

பச்சை ஏன் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். சிப்பிக்காளான் வளர்க்க, வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வைத்து, நடுநடுவே காளான் வித்தைத் தூவிக் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்தப் பைக்குப் படுக்கை என்று பெயர். கொஞ்ச நாளில் பைக்குள் வெள்ளையாக நூல் ஓடினால் நல்லது, காளான் வரும். பச்சையாகத் திட்டு விழுந்தால் பூசணம் பிடித்துவிட்டது, பையைத் தூக்கிக் குழியில் போட வேண்டியதுதான். அந்தப் பூசணத்தைச் சித்தி 'பச்சையன்' என்பார், ஏதோ பகையாளியின் பெயர் மாதிரி.

"அவன் எங்கிருந்து சித்தி வாரான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காத்துலடா. கண்ணுக்குத் தெரியாத வித்து. ஒன் சட்டையில இருக்கு, தலைமுடியில இருக்கு, நீ வாயத் தொறந்தா அதுலயும் இருக்கு. சும்மா மெதந்துக்கிட்டே இருக்கும். ஈரத்தக் கண்டா எறங்கி ஒக்காந்துரும்."

"அப்ப நம்ம வீட்டுக்குள்ளயும் மெதக்குமா?"

"ஒங்க வீட்டுக்குள்ள என்னதான் மெதக்கல? போயி ஒங்க மெத்தைய ஒருநாள் தட்டிப் பாரு."

வம்பன் வேளாண் நிலையத்தில் நடந்த பயிற்சியில் சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். அங்கே சொன்னது நாலு விதி. சித்தி அதை நாற்பதாக்கினார். கொட்டகைக்குள் போகிறவர் குளித்திருக்க வேண்டும். வாசலில் தொட்டியில் கால் நனைக்க வேண்டும். ஆணியில் தொங்கும் துவைத்த சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். பூ வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். உள்ளே பேசக் கூடாது, எச்சில் பறக்கும். கரண்டு மீட்டர் கொட்டகைச் சுவரில் இருந்ததால், ரீடிங் எடுக்க வந்தவர் ஒருதடவை எங்கள் ஊர் அடிபம்பில் குளித்துவிட்டு ரீடிங் எடுத்தார். அடுத்த மாதமே மீட்டரைத் தெருப்பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மனு போட்டுக் கிடைக்காததெல்லாம் சித்தியின் சோப்புக்குக் கிடைத்தது.

'குளிக்காதவர்களுக்கு அனுமதி இல்லை. குளித்தவர்களும் ஒருதரம் யோசிக்கவும்' என்று அட்டையில் எழுதி நான் அந்தக் கதவில் ஒட்டினேன். கேலிக்குத்தான் ஒட்டினேன். சித்தி அதை நிதானமாகப் படித்தார். "எழுத்து நல்லாத்தான்டா இருக்கு" என்று சொல்லிப் புதுக்கோட்டையில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து மறுபடி மாட்டிவிட்டார். அதன் பிறகு நான் அவரிடம் அதிகம் வாலாட்டுவதில்லை.

என்னை அவர் கூப்பிடும் பெயர் பீச்சாங்கை. சோறும் எழுத்தும் தவிர எனக்கு எல்லா வேலையும் இடது கைதான். சித்தி காளான் பறிக்கையில் வலை ஜன்னல் வழியாக நான் வேடிக்கை பார்ப்பேன். கொத்தை அடியில் பிடித்து வலப்பக்கமாக ஒரே திருகு. கொத்து பூப்போலக் கையோடு வந்துவிடும். "இழுக்கக் கூடாதுடா பீச்சாங்கை. இழுத்தா படுக்கைக்கு வலிக்கும்" என்பார், வெளியே வந்த பிறகு. உள்ளே இருந்து பேச மாட்டார்.

இப்படி எல்லாரையும் கழுவிக் கழுவி உள்ளே அனுப்பியவருக்குப் போன வருடம் இருமல் வந்தது.

பகலில் ஒன்றும் இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல்தான் தொடங்கும். உடம்பு சிலிர்க்கும், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கும், பிறகு இருமல். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் இருமினால் எங்கள் வீட்டில் தட்டு அதிரும். சித்தி முதலில் ரோட்டுப் புழுதியைக் குற்றம் சொன்னார். பிறகு எதிர்வீட்டு உண்ணாமலை அக்கா போடும் சாம்பிராணியைச் சொன்னார். பிறகு என்னைச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. மூச்சு முட்டும்போதெல்லாம் குளித்துவிட்டுக் கொட்டகைக்குள் போய், தரையில் பரப்பியிருந்த ஈர மணல் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவார். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஊரிலேயே சுத்தமான காற்று அங்கேதான் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

வேளாங்கண்ணிக்கு நடந்து போன கூட்டத்தில் அவரும் போனார். வழியெல்லாம் வெயில், புழுதி, லாரிப் புகை. ஒரு தும்மல்கூட வரவில்லையாம். மாதா சுகம் கொடுத்துவிட்டாள் என்று மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தார். வந்ததும் குளித்து, கால் நனைத்து, காளானைப் பார்க்க ஓடினார். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் வீட்டுத் தட்டு அதிர்ந்தது.

"பஸ்ஸுல எவனோ தும்முனான்" என்றார்.

"நடந்துல்ல போனீங்க?"

"வாரப்ப பஸ்ஸுதானடா!"

லீவில் வந்த சுடர்விழி அம்மாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். முகம் மாறிப்போனது. மறுநாள் புதுக்கோட்டையில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனாள். பை தூக்க நானும் போனேன். அந்த டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். சித்தி பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்களுக்கு அந்த ரூம் காத்து ஆகலைம்மா. காளான் விரியறப்ப அதுல இருந்து பொடி பறக்கும். அதை இழுத்து இழுத்துத்தான் நெஞ்சு இப்படி ஆயிருக்கு. அங்கிட்டுப் போறத நிறுத்துங்க. இப்படியே போனா நுரையீரல் தழும்பு கட்டிப்போயிரும். அதுக்கப்பறம் நான் மருந்து குடுத்தாலும் கேக்காது."

பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தார். கீரனூர் தாண்டியபின் ஒரே ஒரு தடவை பேசினார். "குளிக்காம ஒருத்தரு உள்ள வந்ததில்ல. அந்தக் காத்து எப்படிடி கெட்டுப்போகும்?"

"கெட்டுப்போகலம்மா. ஒனக்கு ஆகல" என்றாள் சுடர்விழி.

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஊரில் இறங்கியதும் உண்ணாமலை அக்கா எதிரே வந்தார். "டாக்டரு என்ன சொன்னாரு மேரி?"

"அந்த ரூம்ல காத்து இருக்காம்க்கா. அதுதான் எனக்கு ஆகலையாம்."

எங்கள் பக்கத்தில் காத்து இரண்டு வகை. ஒன்று ஃபேன் போட்டால் வரும். இன்னொன்றுக்கு ஃபேன் வேண்டியதில்லை, வேப்பமரத்தடியில் உச்சிவெயிலில் நின்றாலே வந்து பிடித்துக்கொள்ளும். உண்ணாமலை அக்காவுக்கு அந்த இரண்டாவதுதான் காதில் விழுந்தது. கண் இரண்டும் பெரிதாகிவிட்டது. "டாக்டரே சொல்லிட்டாரா! நான் அன்னைக்கே நெனச்சேன் மேரி. நீயும் உச்சிப்பொழுதுல தலைய விரிச்சுப் போட்டுக் குளிச்சுட்டுத் தனியா உள்ள போற!"

சுடர்விழி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். சித்தி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். எனக்கு அப்போது புரியவில்லை, அப்புறம்தான் புரிந்தது. பேய் என்றால் விரட்டிவிடலாம். காளான்தான் காரணம் என்றால் கொட்டகையை மூட வேண்டும். அதனால் கொஞ்ச நாளைக்குப் பேயை நம்பிப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பயத்தில் பேயை நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசையில் நம்பியவர் இவர் ஒருவர்தான்.

மறுநாள் உண்ணாமலை அக்கா மந்திரித்த எலுமிச்சம்பழத்தோடு வந்தார். உள்ளே நடுவிட்டத்தில் கட்ட வேண்டுமாம்.

"கட்டலாம்க்கா. அதுக்கு முன்னாடி பழத்தச் சோப்புப் போட்டுக் கழுவிருவோம்" என்றார் சித்தி.

"மந்திரிச்ச பழத்தையா!"

"மந்திரம் உள்ள இருக்கும்க்கா. தோலத்தானே கழுவுறேன்."

பழம் குளித்துவிட்டு உள்ளே போனது. செய்தி கோயில்வரை போய், பெலிக்ஸ் சாமியும் தீர்த்தச் செம்போடு வந்துவிட்டார். காத்து என்றெல்லாம் ஒன்றும் இல்லை, ஆனால் மந்திரித்துவிட்டுப் போனால் நிம்மதியாக இருப்பாய் என்று சொல்லி, யாரும் கேட்காமலே கால் நனைத்தார். சித்தி கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார்.

"சாமி, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தத் தீர்த்தத்தக் கொஞ்சம் கொதிக்க வச்சுத் தரட்டுங்களா?"

சாமி செம்பைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "மந்திரிச்ச தண்ணியக் கொதிக்க வைக்கலாமா கூடாதான்னு குருமடத்துல எங்களுக்குச் சொல்லித் தரலையேம்மா."

"படுக்கைக்குத் தெளிக்கிற தண்ணியே கொதிக்க வச்சு ஆத்துனதுதான் சாமி."

கடைசியில் தீர்த்தம் அடுப்பில் ஏறியது. அது கொதித்து ஆறும்வரை சாமி வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். உலகத்தில் டீ ஒரு அடுப்பிலும் தீர்த்தம் ஒரு அடுப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் கொதித்த வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எலுமிச்சையும் தீர்த்தமும் காவல் இருக்கிற தைரியத்தில் சித்தி பழையபடி உள்ளே போய்வர ஆரம்பித்தார். சுடர்விழி போனில் சத்தம் போட்டால் "போகலடி" என்று சொல்லிவிட்டுப் போவார். இருமலும் கூடிக்கொண்டேதான் போனது. அடிபம்பில் ஒரு குடம் அடித்துவிட்டு நடுவில் ஒருதடவை உட்காரத் தொடங்கினார். பிறகு குடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடத் தொடங்கினார். நான் முறைத்துக்கொண்டே தூக்கிவந்து வைப்பேன். முறைக்காமல் தூக்கினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பழத்தை மாற்ற வேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. "நீ போயி அவுத்துட்டு வாடா, எனக்கு ஸ்டூல்ல ஏற முடியல" என்றார். என்னைக் குளிக்கவைத்து, கால் நனைக்கவைத்து, "பீச்சாங்கைய நல்லாத் தேச்சுக் கழுவு" என்று மேற்பார்வை பார்த்துத்தான் விட்டார். பழத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

பழத்தின் அடியில் பச்சைப் பூசணம், ரோமம் ரோமமாக. பேயை விரட்டத் தொங்கவிட்ட பழத்தில் பச்சையன் குடிவந்துவிட்டான். அவர் கத்தப்போகிறார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. பழத்தைத் திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பச்சை இல்லை. மாவு சலித்த மாதிரி மெல்லிசாக வெள்ளை. விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நுனியில் பவுடர் போல ஒட்டியது.

"இது பச்சையன் இல்லையே" என்றார்.

"வெள்ளையன் சித்தி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எழுந்து கொட்டகைக் கதவை நன்றாகத் திறந்தார். உச்சி தாண்டிய வெயில் வாசல் வழியாக உள்ளே ஒரு பட்டையாக விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். முந்தின நாள் பறிக்க முடியாமல் விட்ட கொத்துகள் தட்டுத் தட்டாக விரிந்து, ஓரம் மேலே சுருண்டிருந்தன. அவற்றின் அடியிலிருந்து ஊதுவத்திப் புகை போல ஏதோ வெள்ளையாக நழுவி வெயிலுக்குள் வந்து, ஏறி, இறங்கி, எங்கள் பக்கமாகவே மிதந்து வந்தது. சத்தமே இல்லை. இத்தனை நாளும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. கதவை ஒருச்சாய்த்தே திறந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பச்சையன் நுழைந்துவிடக் கூடாது என்று வலை ஜன்னலில் பாதிக்கு மேல் பாலித்தீன் கட்டி வைத்திருந்தார். வெளிக்காற்று உள்ளே வரவில்லை, சரி. உள்ளே இருந்ததும் வெளியே போகவில்லை.

"எம்புள்ளைகடா இது" என்றார் சித்தி. அப்புறம் கதவைச் சாத்தாமல் பின்னுக்கு நகர்ந்து, படியில் உட்கார்ந்துகொண்டார். "வெளிய உள்ளதுகள எல்லாம் குளிக்க வச்சேன். உள்ள உள்ளதுகளக் கேக்கணும்னே தோணல பாரு."

அன்றைக்குச் சாயங்காலம் அவரே மகளுக்குப் போன் போட்டார். பாலித்தீனைக் கிழித்து வலையை மட்டும் விட்டாயிற்று. ஓரம் சுருளும் முன்னாலேயே, மொட்டு விரிந்தும் விரியாமலும் இருக்கும்போதே பறித்துவிட்டால் பொடி அவ்வளவாகப் பறக்காது என்றும் அவள் சொல்லித் தெரிந்தது. ஆனால் டாக்டர் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. நெஞ்சு ஆறும்வரை சந்தனமேரி உள்ளே போகக் கூடாது. மாஸ்க் போட்டாலும் கூடாது.

அப்படியானால் யார் பறிப்பது? பறிக்காமல் விட்டால் அத்தனையும் விரியும், இன்னும் பொடி பறக்கும், பிறகு அழுகும், அழுகினால் பச்சையன் வருவான். மூடுவது தவிர வழியில்லை. சித்தி வேறு யாரையும் கூப்பிடவில்லை. "இந்தப் படுக்கையோட சரி. கதவுல பேர அழிச்சுருடா" என்று என்னிடம் நீலம் எழுதியிருந்த இடத்தைக் காட்டிவிட்டு, கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். பெயிண்ட் கடையில் தின்னர் தீர்ந்துவிட்டதால் என்னால் பேரை அழிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்து அவர் பின்கதவைத் திறந்தபோது, வாசல்படியில் கூடை நிறையக் காளான் இருந்தது. எல்லாம் விரியாத மொட்டு. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. படுக்கைகளுக்குத் தண்ணீரும் தெளித்திருந்தது. எலுமிச்சம்பழத்தின் மகிமை என்றார் உண்ணாமலை அக்கா. கோயில் அந்தோணியார்தான் இறங்கிவந்து பறித்து வைத்துவிட்டுப் போகிறார் என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர் சிலை இருக்கும் கெபிக் குகையில் செவ்வாய்க்கிழமைதோறும் இப்போது கூட்டம் அதிகம். பெலிக்ஸ் சாமியிடம் கேட்டதற்கு, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் என்று தெரியவில்லை. நான் எழுதுகிறவன், நடந்ததைத்தான் எழுத முடியும். பறித்தவர் அந்தோணியார்.

இப்போது சித்தி மாஸ்க் போட்டுக்கொண்டு காலையில் மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே போகிறார். அதற்கு டாக்டர் சரி என்றுவிட்டார். நெஞ்சு முழுசாகத் திரும்புமா என்று இன்னும் சொல்லவில்லை, பார்ப்போம் என்றிருக்கிறார். சாயங்காலம் எங்கள் வீட்டில் தட்டு அதிர்வதில்லை. முதலில் சில நாள் அது எங்களுக்குச் சாப்பிடவே ஒருமாதிரி இருந்தது. என் அம்மா நடுநடுவே சாப்பிடுவதை நிறுத்திச் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தர வேண்டும் என்பது சாமியின் விதி. அதனால் இதுவரை எழுதியதை நேற்றுக் காலையில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சித்திக்குப் படித்துக் காட்டினேன். அவர் வைக்கோல் நறுக்கிக்கொண்டே கேட்டார். கஜா புயலுக்குத் தலையாட்டினார். தீர்த்தம் கொதித்த இடத்தில் சிரித்தார், இருமல் வரவில்லை. அந்தோணியார் வந்ததும் அரிவாளை நிறுத்திவிட்டார்.

"அந்தோணியாரா பறிச்சாரு?"

"ஊருல அப்படித்தான் சித்தி பேசிக்கிறாங்க."

"ம்." எழுந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய், காய்ந்த பழைய படுக்கை ஒன்றைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். பறித்த இடமெல்லாம் காம்பின் மிச்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. "இது நான் பறிச்சது. வலதுபக்கம் முறுக்கியிருக்கு, பாத்தியா? இங்கிட்டு இருக்கிறதெல்லாம் நான் படுத்திருந்தப்பப் பறிச்சது. எந்தப் பக்கம் முறுக்கியிருக்கு?"

நான் பேப்பரை மடித்தேன்.

"எனக்குத் தெரியாம அந்தோணியாரு எப்படா பீச்சாங்கைக்காரரு ஆனாரு?"

நான் செருப்பைத் தேடினேன்.

"சரி, அது போகட்டும்" என்றார் சித்தி, மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு. "அம்புட்டு வெள்ளன வந்தாரே, அவரு குளிச்சுட்டுத்தான் உள்ள போனாராமா?"